எட்டாவது வாக்கியம்

கள்ளக்குறிச்சி
12-8-1986

அன்பு மகள் தமயந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். களமருதூர் நிலத்தில் நடவு முடிந்துவிட்டதாம், உன் சித்தப்பா வழக்கம்போல எனக்குச் சொல்லியனுப்பவில்லை, அது கிடக்கட்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவுக்குத் தமிழில் இரண்டு பக்கம், பேங்க் பரீட்சைக்காக எனக்கு ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் என்று, மாப்பிள்ளையோடு பிலாய்க்கு உன்னை ரயிலேற்றும்போது கட்டளை போட்டவன் நான். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் என் வகுப்பு நடுவே என் பெர்ஃபெக்ட் டென்ஸைத் திருத்திப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். அதைச் சாக்காக வைத்து கூட வேலை பார்த்த அரங்கநாதனை எனக்குப் பதில் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். அந்த ஆத்திரத்தைத்தான் உன் தாள்களில் சிவப்பு மையாகக் கொட்டியிருக்கிறேன். போன மாதத் தாளில் எட்டாவதாக, டாக்டர் வருவதற்கு முன்பே குழந்தையை இழந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் 'ஹேவ்' என்பதை அடித்து 'ஹேட்' போட்டு, பத்துக்கு ஏழு, கவனம் தேவை என்று எழுதித் திருப்பியனுப்பினேன். அத்தோடு விடாமல் நேற்று டுடோரியலில் அதையே கரும்பலகையில் எழுதி, தமிழிலும் பொருள் சொல்லி, 'ஹேவ்' வருமா 'ஹேட்' வருமா என்று கேட்டேன். மலைமேல் கரியாலூரிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்றாம் தடவை பத்தாம் வகுப்புக்குப் படிக்கும் காசியம்மாள் எழுந்தாள், இரண்டு பிள்ளை பெற்றவள். யாரு சார் அந்தப் பொண்ணு, கூட ஆளு இருந்துச்சா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அது இலக்கணத்துக்காக எழுதினதும்மா என்றேன். இலக்கணத்துக்குன்னா ஆடு செத்துச்சின்னு எழுதலாமே சார், கொழந்தைய யாராச்சும் எழுதுவாங்களா என்றாள். கரும்பலகையை அழித்தேன். மற்ற ஒன்பதும் மழை, ரயில், பால்காரன். நீ உண்டாகியிருந்ததே எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குப் புரியாத மொழியில் என்னிடம் மட்டும் நீ சொல்லியிருக்கிறாய், நான் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, இன்னாங்க மொகம் தொங்கிப்போச்சி, வழியில அரங்கநாதன் ஏதாச்சும் சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். நீ சரி என்றால்தான் அவளிடம் சொல்வேன். கனமான வாளி தூக்காதே, வேளைக்குச் சூடாகச் சாப்பிடு. அந்தத் தாளைக் கிழித்துப் போடு. இனி எனக்கு வாக்கியம் வேண்டாம். நான் அங்கே வரலாமா, அம்மாவையும் அழைத்து வரலாமா என்று உடனே தந்தி கொடு. உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும். தந்தி ஆங்கிலத்தில்தான் வரும், எப்படி வேண்டுமானாலும் எழுது. வா என்று புரிந்தால் போதும்.

உன் அப்பா,
ராமசாமி