நீங்கள் சிரிக்கவில்லை, மதினி

என் கட்டுரைகளில் பாதியைக் கொன்று மீதியைப் பிழைக்க வைத்த மதினிக்கு,

காமயகவுண்டன்பட்டியில் உங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டியாயிற்று. அண்ணன் சமைக்கிறார். சமையல் என்று அவர்தான் சொல்லிக்கொள்கிறார். நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லி நானும் சாப்பிடுகிறேன்.

நான் எழுதியதையெல்லாம் நீங்கள் அடுப்படியில் நின்று ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பீர்கள். அப்படி வாசித்தும் சிரிப்பு வந்தால்தான் அது சிரிப்பு. சலித்த இடத்தில் தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவீர்கள். "கொழுந்தனாரே, இங்கன நீங்களே சிரிச்சுத் தீத்துட்டீக. படிக்கிறவகளுக்கு மிச்சமில்ல" என்றீர்கள் ஒருமுறை. கொஞ்ச நாள் உங்களோடு பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை அடித்தேன்.

உங்கள் கருமாதிக்கு அஞ்சலி நோட்டீஸும் நான்தான் எழுதினேன். ஊரில் யார் போனாலும் நான்தானே எழுதுகிறேன்! எல்லோருக்கும் போடுகிற வரியையே உங்களுக்கும் போட்டேன்: 'புன்னகை மாறாமல் கண்மூடினார்.' குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே பாராட்டு. போடியில் இருக்கும் சித்தப்பா மகள், நான் அனுப்பிய மறுநொடியே அழுகிற பொம்மைகளைக் கொட்டினாள். அவ்வளவு வேகமாக யாராலும் படிக்க முடியாது. அச்சகத்துக்காரரும் பிரமாதம் என்றார். ஒருத்தர்கூடத் தண்ணீர் குடிக்கப் போகவில்லை, மதினி.

அண்ணனிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். தாளைத் திருப்பித் தரவில்லை.

"ஏலே, இது யாரு?"

"மதினிதாண்ணே."

"அவ சிரிக்கலலே. வலி தாங்காமக் கத்துனா. நீதான காலப் பிடிச்சிருந்த."

ஆமாம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், புற்று உங்களை முடித்த கடைசி நாளில், நான்தான் பிடித்திருந்தேன். கைக்குத் தெரிந்தது பேனாவுக்கு எப்படித் தெரியாமல் போனது?

வேறென்ன எழுதுவது என்று கேட்டேன். 

"கஷ்டப்பட்டுச் செத்தான்னு எழுது. அவ பட்டதயும் இல்லன்னு ஆக்கிராத."

அந்த வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். கருமாதி வீட்டில் பலர் முகம் சுளித்தார்கள். இதையெல்லாமா அச்சடிப்பார்கள் என்று பெரியத்தை என் காதில் விழும்படியே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். பிறகு நோட்டீஸைக் கீழே போடாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் ஓரமாக உட்கார்ந்து மறுபடி படித்தார். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அழுதார்.

நான் இன்னும் சிரிக்கத்தான் எழுதப்போகிறேன், எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஆனால் அண்ணன் படிக்காத ஒரு வரியும் இனி அச்சுக்குப் போகாது, மதினி. அவர் மெதுவாகத்தான் படிக்கிறார். எதிரே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன்.

வாயாடியாகவே உங்களிடம் வளர்ந்த,
உங்கள் கொழுந்தன்