டைரக்ட் கொடுத்த ஏ.சி.

மே 4, ஞாயிறு

அக்னி வெயில். காலை ஒன்பதுக்கே பானெட்டில் கை வைக்க முடியவில்லை. காரில் ஏ.சி. எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, வருவது அடுப்படிக் காற்று. கம்ப்ரஸர் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது இல்லை.

பார்த்தது:
ஃபியூஸ் – சரி.
ரிலே – ஹாரன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டேன். சரி.
கம்ப்ரஸருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் – டக். பிடிக்கிறது.
பிரஷர் சுவிட்சின் இரண்டு பின்னையும் ஒயரால் சேர்த்தேன் – டக்.

அப்படியானால் கேஸ் குறைவு. குறைந்தால் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்துவதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. எங்கோ லீக்.

சரசு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, கண்ணாடிய எறக்கி உட்டுட்டுப் போனா ஆகாதுங்களா?"

ஆகாது. செவ்வாய், வெள்ளி, மத்தியானம் ஒரு மணிக்கு அவளுக்குச் சேலத்தில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், காப்பி, குழம்பு எல்லாம் சேர்த்து. மல்லசமுத்திரத்திலிருந்து வெயிலில் வெந்துகொண்டே போய் வந்தால் தாகம் தாங்க மாட்டாள். குடித்தால் அது வெளியே போக வழியில்லை, நெஞ்சில் போய்ச் சேரும். ஏ.சி. எங்களுக்குச் சொகுசு இல்லை. மாத்திரை மாதிரி.

மே 5, திங்கள்

சேலம். ஏ.சி. கடை பாய் அரை மணி நேரம் சோப்பு நுரை வைத்துத் தேடினார். "கண்டென்சர்லதாண்ணே லீக்கு. கோயமுத்தூர்ல இருந்து வரணும். வண்டிய நாலு நாள் உட்டுட்டுப் போங்க."

நாலு நாளில் ஒரு செவ்வாய் போகும். முடியாது என்றேன். கேஸ் மட்டும் ஏற்றுங்கள், மீதியை, பிரஷர் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்து, டைரக்ட் கொடுத்து நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

"அது மட்டும் வேணாண்ணே. கேஸோட சேந்துதான் ஆயிலும் சுத்துது. கேஸ் போன பொறவு ஓட்டுனா கம்ப்ரஸர் ஜாமாயிரும்."

எனக்குப் பாடம் எடுக்கிறார். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிக்கு ஒயரிங் பண்ணி இருபத்தாறு வருஷம். போர் போடுகிற இடத்தில், எந்தக் காட்டிலோ, ஒரு சென்சார் போச்சென்றால் யார் காத்திருப்பது? வெட்டு, சேர், ஓட்டு. எங்கள் லைனில் டைரக்ட் கொடுக்காத வண்டி உண்டா? பாய் மனசில்லாமல்தான் கேஸ் ஏற்றினார்.

சாயங்காலம் ஸ்டியரிங்குக்குக் கீழே தனி சுவிட்ச் வைத்தேன். இனி கேஸ் இறங்கினாலும் அதுபாட்டுக்கு நிற்காது. சரசு சொன்னாள்: "இந்த ஒரு வாரத்துக்கு வாடகைக் காரு சொல்லிக்கலாமுங்க."

"ஒயரிங்காரன் ஊட்ல இருந்துக்கிட்டா?" என்றேன். சிரித்தாள்.

மே 6, செவ்வாய்

நல்ல குளிர்ச்சி. என் பக்கத்துக் காற்றுத் துவாரம் இரண்டையும் மூடிவிட்டேன், எல்லாம் அவள் பக்கம். உடம்பில் சேர்ந்த தண்ணீர், அதாவது கூடுதல் எடை, 2.4 கிலோ. நர்ஸம்மா "பரவாயில்லையே அக்கா" என்றது.

திரும்பும்போது தூங்கிவிட்டாள். ஆட்டையாம்பட்டியில் நிறுத்தி முறுக்கு வாங்கினேன். அவளுக்கு உப்பு ஆகாது. தூங்குகிறாளே என்று சத்தமில்லாமல் தின்றேன். முறுக்கை எங்கே சத்தமில்லாமல் தின்பது! கண்ணைத் திறக்காமலே "நல்லாருக்குதுங்களா" என்றாள்.

செருப்பு வார் அறுந்தது. கேபிள் டை போட்டிருக்கிறேன்.

மே 9, வெள்ளி

காற்றே இல்லை. கடைத்தெருவில் பேச்சு: "மேச்சேரிப் பக்கம் மழையாமா." "அவனவன் ஊர்ல மழைன்னுதான் சொல்றானுவ."

போகும்போது இரண்டு தடவை கேட்டேன், குளிருகிறதா என்று. "குளுருதுங்க." எனக்கு வேர்த்து ஊற்றியது. என் பக்கம் மூடியிருக்கிறதே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடுதல் எடை 4.1. நர்ஸம்மாவிடம் எனக்குத்தான் திட்டு. தண்ணீரை முழுக்க எடுக்க முடியவில்லை, அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இவளைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாம எத்தன சொம்பு குடிச்சே?" கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள். அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனாலும் நான் மட்டும் எத்தனை நாளைக்கு அளந்துகொண்டே நிற்பது?

மே 10, சனி

பாய் போன். கண்டென்சர் வந்துவிட்டதாம். "இன்னிக்கே வந்துருங்கண்ணே." பட்டறையில் ஒரிசாவிலிருந்து ரிக் ஒன்று வந்து நிற்கிறது, முதலாளி தலைக்கு மேல் நிற்கிறார். புதன்கிழமை வாரேன் என்றேன். ஏ.சி.தான் ஓடுகிறதே.

மே 13, செவ்வாய்

ஒழுங்காக எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

12.10. ஆட்டையாம்பட்டிக்குச் சற்று முன்னால். ரப்பர் கருகுகிற நாற்றம். முன்னால் கிறீச்சென்று சத்தம், அப்புறம் ஒரு அடி. பேட்டரி விளக்கு எரிந்தது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்தினேன்.

கம்ப்ரஸர் ஜாம். கையால் சுற்ற முடியவில்லை. பெல்ட் அறுந்து கிடந்தது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான், ஆகவே ஓட்ட முடியாது. பாய் சொன்னது சொன்னபடி.

எதிரே முறுக்குக் கடை. கடைக்கார அம்மா சரசுவைக் கூட்டிப்போய்த் தகரக் கொட்டகைக்குள் உட்கார வைத்தது. நான் வாடகைக் காருக்குப் போன் மேல் போன். நாளைக்குக் கல்யாண முகூர்த்தமாம், கார் ஒன்றும் இல்லை. ஒன்று கிடைத்து வந்து சேர ஒன்றே கால் மணி நேரம். அதற்குள் நான் என்ன பண்ணினேன்? பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பெல்ட் இல்லாமல் ஓட்ட வழியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்ததும் கூப்பிடப் போனேன். அந்த அம்மா சொன்னது: "அக்கா தண்ணி கேட்டாங்க, குடுத்தனுங்க. மூணு சொம்பு. பாவம், எடுத்த வாய் எடுக்காமக் குடிச்சாங்க." அதற்கு என்ன தெரியும்! கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். சரசு என்னைப் பார்க்கவில்லை.

2.20க்கு ஆஸ்பத்திரி. அவள் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மொத ஆளா வந்துருங்க சார்." கெஞ்சினேன். வேறு மெஷின் இல்லை.

வீடு வந்தோம். ஐந்து மணிக்குமேல் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே இருந்தாள். ஆறரைக்கு அதே காரைக் கூப்பிட்டு மறுபடியும் சேலம். அவசரப் பிரிவு. ஆக்ஸிஜன் மாஸ்க்.

மே 14, புதன்

ஐ.சி.யு. வாசல். பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் மெஷினில் போட்டு மூன்று கிலோ எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசு, நிதானமாகச் சொன்னார்: நுரையீரலில் தண்ணீர், இருதயமும் களைத்துவிட்டது. "இது நேத்து ஒரு நாள்ல வந்ததில்லைங்க. ஒரு வாரமா ஏறிட்டே இருந்திருக்கு."

ஒரு வாரம். நான் டைரக்ட் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்பது.

கார் இன்னும் முறுக்குக் கடைக்கு எதிரேதான் நிற்கிறது. நிற்கட்டும்.

மே 15, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. காலையில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். மாஸ்க்கைத் தானே கீழே இழுத்தாள். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஏனுங்க. போன வெள்ளிக்கெழமையே சூடாத்தானுங்க வந்துச்சு. பாதி வழியிலேயே குளுரு நின்னுபோச்சு."

"குளுருதுன்னுதானே சொன்னே?"

"இல்லீன்னா நீங்க மறுக்கா வெயில்ல போயி அதுக்குள்ளார தலைய உட்டுட்டு உக்காந்துக்குவீங்க. குளுருதுன்னதும் உங்க மூஞ்சி அத்தன நல்லாருந்துச்சுங்க. அதான் சொல்லல."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சுவிட்சை அணைத்திருப்பேன். கம்ப்ரஸர் ஜாமாகியிருக்காது. சனிக்கிழமையே பாயிடம் விட்டிருப்பேன். அவள் இங்கே வந்து படுத்திருக்க மாட்டாள். நான் அந்த நாலு கிலோவுக்கு அவளை அப்படித் திட்டினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கோபம் வந்தது. என் மேல் என்று எழுத ஆசை. இல்லை, அவள் மேல்தான். இந்த நிலையில் கிடப்பவள் மேல். "டைம் ஆச்சுங்க சார்" என்றது நர்ஸம்மா. அதைச் சாக்காக வைத்து ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் உள்ளே விடவில்லை.

மே 16, வெள்ளி

விடியும் முன்பே மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்களாம். மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். டாக்டர் பார்ப்போம் என்றார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம். பேசினால் கேட்குமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "பேசுங்க சார், சில பேருக்குக் கேக்கும்."

"சரசு, கோவமெல்லாம் இல்ல சாமி. டைரக்ட் குடுத்தது நாந்தான்" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.