நான் நிரப்பிய நாற்பத்தொரு பலூன்கள்

காமயகவுண்டன்பட்டி
வியாழக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பருப்பில் வெல்லம் போடுகிற அந்த அகமதாபாத்தில் நீயும் வயிறு வாடாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். வடுகபட்டிப் பூண்டில் அம்மா போட்டு அனுப்பிய ஊறுகாய் உடையாமல் வந்ததா என்று எழுது, வீடியோவில் கேட்டதற்கு நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய், அது ஊறுகாய்க்கா அம்மாவின் புதுச்சேலைக்கா என்று இங்கே இரண்டு நாளாக விவாதம் நடக்கிறது. மழை பரவாயில்லை, நெல்லுக்கு ஆகும் திராட்சைக்கு ஆகாது, வழக்கம்போல ஊரில் பாதிப் பேர் வானத்தைக் கும்பிடுகிறார்கள் பாதிப் பேர் திட்டுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் "அச்சகத்தில் சிறு தாமதம், காரணம் கடிதத்தில்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீ பதினோரு கேள்விக்குறி அனுப்பினாய், எண்ணிப் பார்த்தேன். பையன்கள் விடுப்புக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதுவார்களே, என்னுடைய சிறு தாமதமும் அந்த வகைதான். உனக்குக் காது கேட்காது என்பதால் நாம் போனில் பேசிப் பழகவில்லை, ஆறு வயதில் உன்னை மதுரைப் பள்ளி விடுதியில் விட்ட நாளிலிருந்து பெரிய விஷயங்களைக் கடிதத்தில்தான் பேசியிருக்கிறோம். இது பெரிய விஷயம். சுருக்கமாகச் சொன்னால் உன் புத்தகத்தை நான் கெடுக்கப் பார்த்தேன். இனி விரிவாகச் சொல்கிறேன், சுருக்கத்தோடு நிறுத்த எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

உன் படக்கதையைத் தமிழில் கொண்டுவருகிறார்கள், வசனத்தை அப்பாவே எழுதட்டும் என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் அதிராவைப் பற்றித்தான் பேச்சு. என் மகள் உண்டாக்கிய வீராங்கனை, காது கேட்காது, வெறுங்காலோடு நிற்பாள், மூன்று மைலுக்கு அப்பால் ஆற்றில் மணல் திருடுகிற லாரியை உள்ளங்கால் அதிர்விலேயே கண்டுபிடித்துப் பாய்ந்து போய் மறிப்பாள் என்று சொன்னேன். கண்டக்டர் சுருளிராஜன், அந்தப் பிள்ளையக் கொஞ்சம் நம்ம பஸ்ஸுக்கு அனுப்புங்க சார், எஞ்சின் எங்கன தட்டுதுன்னு மெக்கானிக்குக்கே தெரியலை என்றான். அம்மாவின் கவலை வேறு, பொட்டப்பிள்ளை செருப்பில்லாமல் காடுகரையெல்லாம் ஓடுகிறாளே, முள் குத்தினால் யார் எடுத்துவிடுவது என்று கேட்டாள்.

பக்கங்கள் வந்தன. பேச்சு இருந்த பலூன்களுக்கெல்லாம் நான்கு நாளில் தமிழ் எழுதி முடித்தேன். அப்புறம் பார்த்தால் நாற்பத்தொரு பலூன்கள் வெறுமையாக இருந்தன. ஆள் பேசுகிறான், தலைக்கு மேல் பலூன் இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. பிள்ளை அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நானே முடிவு கட்டினேன். முப்பத்து நான்கு வருடம் கோடிட்ட இடங்களை நிரப்புக என்று கேள்வித்தாள் தயாரித்த கை சும்மா இருக்குமா. காலி எடத்தக் கண்டா இவுகளுக்குக் கை ஊறும், சுவத்துல போஸ்டர் கிழிஞ்சிருந்தாக்கூட மிச்சத்த எழுதிட்டுத்தான் வீட்டுக்கு வருவாக என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றையும் நிரப்பினேன். முதுகைக் காட்டிச் சுவரேறிக் குதிக்கிற திருடன் வாயில் பேராசை பெருநஷ்டம் என்று போட்டேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற இன்ஸ்பெக்டர் சட்டத்தின் மாண்பைப் பற்றி மூன்று வரி பேசினார். உன் கதையில் திருடன் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களாக ஆகிவிட்டார்கள்.

இதையெல்லாம் கணினியில் ஏற்றக் கம்பத்தில் கமால் பாயின் டி.டி.பி. கடைக்குப் போனேன். அங்கே தட்டச்சு செய்கிறவள் அவருடைய தங்கை மகள் ஷர்மின், இருபத்தாறு வயதிருக்கும், உன்னைப் போலவே காது கேட்காது. அவளிடம் எல்லாப் பேச்சும் துண்டுச்சீட்டில்தான். வேலையை முடித்து எடுத்துக் கொடுத்தாள், பார்த்தால் அந்த நாற்பத்தொன்றும் பழையபடி வெறுமையாக இருந்தன. விட்டுப்போயிற்றம்மா என்று எழுதிக் காட்டினேன். விடலை சார், படத்துல அப்படித்தான் இருக்கு என்று எழுதினாள். எனக்கு முப்பத்து நான்கு வருட ஆசிரியர் அனுபவம் என்று எழுதினேன். அதற்கு அவள், எனக்கு இருபத்தாறு வருச அனுபவம் சார் என்று எழுதினாள். எந்த அனுபவத்தைச் சொல்கிறாள் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நான் கமால் பாயைப் பார்த்தேன், அவர், சார் சொல்றாகல்ல, போட்டு விடு ஆத்தா என்று சைகை காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தாள். அன்றைக்கே அது தேனி அச்சகத்துக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை என் தாள்களைத் திரும்ப வாங்கப் போனேன். நான் நாற்பத்தொரு வசனங்களையும் எழுதிக் கொடுத்திருந்த தாளை ஷர்மின் கட்டின் மேலேயே திருப்பி வைத்திருந்தாள். பின்பக்கம் உன் கையெழுத்து, படங்களோடு நீ அனுப்பிய குறிப்பு. "அப்பா, காலியாக இருக்கும் பலூன்களில் எதுவும் எழுத வேண்டாம். பேசுகிறவர் வாய் அதிராவுக்குத் தெரியாதபோது பலூன் காலியாக இருக்கும். அவளுக்குக் கிடைக்காதது படிக்கிறவருக்கும் கிடைக்கக்கூடாது." இப்படி நீ தெளிவாக எழுதி வைத்த தாளை ஒரு பக்கம் வீணாகக் கிடக்கிறதே என்று மறுபக்கத்தில் வசனம் எழுதிய மகானுபாவன் உன் அப்பா. கேள்வியை இரண்டு தடவை படி, பிறகு பேனாவைத் திற என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

அப்போதும் நான் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை ஆத்தா, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பதை எடுத்துவிடு, பதினேழாம் பக்கத்தில் இருப்பதை மட்டும் விட்டுவிடு, நன்றாக அமைந்திருக்கிறது என்று ஷர்மினிடம் பேரம் பேசினேன். சிறுமி அதிரா பின்னால் நிற்க, அவள் அப்பா கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொண்டே ஏதோ சொல்கிறாரே, அந்தப் படம். வாய் முழுக்கச் சோப்பு நுரை. அந்தப் பலூனில் நான், மகளே நீ உலகம் போற்ற வாழ்வாய் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவர் இதைத்தான் சொன்னார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஷர்மின் எழுதிக் கேட்டாள். ஒரு தகப்பன் வேறு என்ன சொல்வான் என்று எழுதினேன். அதற்கு அவள், எங்க அத்தாவும் சவரம் பண்ணும்போதுதான் நிறையப் பேசுவாக, என்ன பேசுனாகன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது, இப்ப அவுக இல்லை என்று எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். பனியனில் இடது தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை. ஜன்னல் கம்பியில் செருகிய கண்ணாடி, காதோரம் ஒட்டியிருக்கிற சாக்பீஸ் தூள். அந்தப் பனியனை இன்றைக்கும் அம்மா சைக்கிள் துடைக்க வைத்திருக்கிறாள். பத்து நாள் அந்தப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தும் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன், அம்மா ஆச்சரியப்படவே இல்லை. வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்க கண்டுக்கிருவீகன்னு இருந்தேன், அந்தப் புள்ளை உங்க தாடையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிக் கேக்கும், ஒன்னுமில்ல போன்னு கையாட்டி விடுவீக என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை, ஆனால் அம்மா சொன்ன உடனே தாடையில் உன் விரல் பட்டது போலிருந்தது.

மறுபடி நடந்ததுக்கு வருகிறேன். ஷர்மின் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கிருந்தே தேனிக்குப் பஸ் பிடித்தேன். வழியில் உத்தமபாளையத்தில் பஸ் கால் மணி நேரம் நின்றது, அதிராவாக இருந்தால் தாவிப் போயிருப்பாள், நான் டிரைவர் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சகத்துக்குப் போனால் மறுநாள் காலை மெஷினில் ஏற்ற எல்லாம் தயாராக இருந்தது. நிறுத்தச் சொன்னேன், நாற்பத்தொரு இடத்திலும் எழுத்தை எடுக்கச் சொன்னேன். மேற்பார்வையாளர் முத்துராஜா தலையைச் சொறிந்துகொண்டு, சார், இது அச்சுப்பிழைன்னு ஜனங்க எங்களைத்தான வைவாக, ஒரு புள்ளியாவது வச்சு விட்டுருவமா என்று கேட்டார். புள்ளியும் வேண்டாம், வைகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள், எனக்கு இது பழக்கம்தான் என்றேன். ஷர்மின் புதிய கோப்பை நேற்றே அச்சகத்துக்கும் உனக்கும் அனுப்பிவிட்டாள். நீ ஒரு முறை பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இனி அச்சேறும், புதன்கிழமைக்குள் சொன்னால் உன் மதுரைப் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் புத்தகம் வந்துவிடும் என்கிறார்கள். புத்தகத்தில் ஷர்மின் பெயரைப் போடச் சொல். உங்க பேரு வேண்டாமா சார் என்று அவள் எழுதிக் கேட்டாள், நிரப்பாமல் விட்டதற்கெல்லாம் பெயர் போடமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன், முதல்முறையாகச் சிரித்தாள்.

பதினேழாம் பக்கம் புத்தகத்தில் வெறுமையாகவே இருக்கட்டும். ஆனால் நீ தாடையைப் பிடித்துக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவேண்டும் அல்லவா, அதனால் இரண்டு நாளாக உட்கார்ந்து யோசித்தேன். உலகம் போற்ற வாழ்வாய் என்றெல்லாம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, சவரம் செய்கிற எவனும் சொல்லமாட்டான். தொட்டியில் தண்ணி தீந்துபோச்சு, மோட்டாரைப் போடு என்று அம்மாவிடம் சொல்லியிருப்பேன். ஹெட்மாஸ்டரைத் திட்டியிருப்பேன். பிளேடு மொட்டை என்று சொல்லியிருப்பேன். சில நாள் பாட்டு, பாதி வரி தெரியாமல். உன்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னது பொய் இல்லை ஆத்தா, உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததையும் உன் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு ஓய்வு கொடு, வெயிலில் அதிராவைப் போலச் செருப்பில்லாமல் நடக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எல்லா நலமும் பெற்று நீ நினைத்தபடி நினைத்த வேலையைச் செய்ய எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. புதன்கிழமையை மறந்துவிடாதே.

அன்புடன்
உன் அப்பா
குருசாமி