எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள்

இங்கிலாந்து,
12.11.2006

அன்புள்ள அத்தானுக்கு,

சுதாராணி வணக்கத்தோடு எழுதுவது. நானும் என்னோடு வந்த நம் பள்ளி லிங்கராஜ் சாரும் நலம். உங்களுக்கு அந்த நெஞ்சுவலி மறுபடி வந்ததா? பசுவந்தனைப் பக்கம் மழை உண்டா?

இங்கே ஒரு வேடிக்கை. கோவில்பட்டியிலிருந்து ஆசிரியர்கள் எங்கள் இருவரையும் வரவழைக்கப் பணம் திரட்ட, நாங்கள் வந்திருக்கும் இந்தப் பள்ளிக்காரர்கள் ஒரு வைக்கோல் பொம்மை செய்திருக்கிறார்கள். நான் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி அதற்கு முகமாக ஒட்டி, சேலை சுற்றி, மடியில் உண்டியலோடு வாசல் ஜன்னலோரம் ஒரு வருஷமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

"டீச்சர், நமக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டியளே" என்று லிங்கராஜ் சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிள்ளைகள் இன்னமும் அதற்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள். ஒரு சிறுமி பூவை அதன் மடியில் வைத்தாள். எனக்கில்லையா என்று கேட்டேன். "நீங்கள் போய்விடுவீர்கள். இவர்தான் இங்கேயே இருப்பார்" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெயில்பட்டு நெற்றிப்பொட்டு மட்டும் வெளுத்து மறைந்திருந்தது. பொட்டில்லாத என் முகத்தைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து ஒரு ஒட்டுப்பொட்டை எடுத்து வைத்தேன். மறுநாள் கீழே விழுந்து கிடந்தது. தினமும் வைக்கிறேன், தினமும் விழுந்துவிடுகிறது. குளிரில் பசை பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. சிவப்புப் பொட்டு நாலு அட்டை அனுப்புங்கள். இதைப் படித்ததும் போன் பண்ணுங்கள். வேறு யாரையும் பேசச் சொல்லாதீர்கள், நீங்களே பேசுங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள்
சுதாராணி