சின்னக் கீறல்தான்

தானோரி, புனே
6 ஜூலை 2024

அன்புள்ள ப்ரீத்திக்கு,

நீயும் அத்தையும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடிதம் போடுங்கள் என்று கோயம்புத்தூர் கிளம்பும்போது சொன்னாய். ஒரு வருஷமாக எதை எழுதுவது என்று தெரியாமலே இருந்துவிட்டேன். இப்போது ஒரு விஷயம் இருக்கிறது.

மாவுக்கு அடிபட்டிருக்கிறது. பயப்படாதே, சின்னக் கீறல்தான். பி விங்கில் திரியும் கறுப்புக் கடுவன் பூனை பார்க்கிங்கில் வைத்துக் கடித்துவிட்டது. வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பல் பதிந்திருக்கிறது. வாட்ச்மேன்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் மராத்தியில் "மாவூ, மாவூ" என்று பூனையைக் கொஞ்சியதை நீ இட்லி மாவு என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பெயர் வைத்தாயே, அதைச் சொல்லிச் சிரித்தார். "மேடம் எப்போ வருவாங்க?" என்று கேட்டார். சீக்கிரம் என்று சொல்லிவைத்தேன்.

வெந்நீரில் உப்புப் போட்டுத் துடைத்துவிட்டேன். சத்தம் போடாமல் காட்டியது. விமான் நகர் ஆபீசில் வேலை எப்போதும்போல. மழை விட்டபாடில்லை. துணி எதுவும் காய்வதில்லை. நேரம் கிடைக்கும்போது பதில் போடு.

உன்,
நிர்மல்


கணபதி, கோயம்புத்தூர்
12 ஜூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் கேட்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு வீசிங் மட்டும் இல்லாமலிருந்தால் மாவை அன்றே என்னோடு கூட்டி வந்திருப்பேன்.

பூனைக் கடியைச் சின்னக் கீறல் என்று விட்டுவிடாதீர்கள். பல் குத்திய இடம் மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் வீட்டிலும் இப்படித்தான் ஆனது. வீங்குகிறதா, சுடுகிறதா, சாப்பிடாமல் மூலையில் போய்ப் படுக்கிறதா என்று பாருங்கள். மாவுக்கு ஊசி போட நாம் போவோமே, அந்த டாக்டரிடமே காட்டிவிடுங்கள். இன்னொன்று, வலிக்கிறதே என்று நமக்கு வாங்கும் காய்ச்சல் மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சத்தம்தான் தாங்கவில்லை. காலாண்டு லீவில் புனேவுக்கு ஒருமுறை வந்து போகலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ப்ரீத்தி


தானோரி, புனே
18 ஜூலை 2024

அன்புள்ள ப்ரீத்தி,

நீ வருகிறாய் என்று படித்ததும் எழுந்து வீடு முழுக்கப் பெருக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, மாவிடம் மட்டும் சொன்னேன்.

நீ சொன்னபடியே டாக்டரிடம் காட்டிவிட்டேன். நம் பழைய டாக்டர்தான். உன்னை விசாரித்தார். லேசான வீக்கம், மருந்து கொடுத்திருக்கிறேன், ஆறிவிடும் என்றார். தினமும் காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். துண்டை நனைத்துப் பிழிந்து என் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். முதலில் சீறும். பிறகு கண்ணை மூடிக்கொள்ளும். சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைவு. மீன் வேகவைத்த தண்ணீரை நக்குகிறது.

நீ வருவதற்குள் துள்ளிக்கொண்டு நிற்கும், பார். டிக்கெட் நான் போடட்டுமா?

உன்,
நிர்மல்


கணபதி, கோயம்புத்தூர்
25 ஜூலை 2024

நிர்மல்,

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு அகல்யா அக்கா போன் பண்ணினார். உங்களைப் பற்றிக் குறை சொல்வதற்கு இல்லை. மனசு கேட்காமல் பண்ணினார்.

"ப்ரீத்தி, உங்க வீட்டுக் கதவைத் திறந்தாலே வாடை வருதும்மா. பூனைக்குப் பின்னாடியெல்லாம் வீங்கி உடைஞ்சு போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டினியான்னு கேட்டா, ஹோ கயா, ஆச்சுன்னு தலையாட்டுறான்" என்றார். நீங்கள் பழைய டாக்டரிடம் போனதாக எழுதியிருப்பதைச் சொன்னேன். "அரே, அந்த கிளினிக் பந்த் ஆகி வருஷமாகப் போகுதே. அங்க இப்ப மொபைல் கடை இருக்கு" என்றார்.

அந்த டாக்டர் என்னை விசாரித்தார் என்று வேறு எழுதியிருந்தீர்கள்.

நான் கேட்காமலே அக்கா, ஸ்கூட்டரைப் பல மாதமாகக் காணோம், பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றார்.

காட்கி பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறதாம். கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொள்வார்களாம். அக்கா கட்டாயம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். இந்தக் கடிதம் வருவதற்குள் போயிருப்பீர்கள். பணம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

ப்ரீத்தி


தானோரி, புனே
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ப்ரீத்தி,

மாவு போய்விட்டது.

எங்கிருந்து சொல்வது என்று தெரியவில்லை. பிப்ரவரியில் எனக்கு வேலை போய்விட்டது. டீமையே எடுத்துவிட்டார்கள். வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஸ்கூட்டரை விற்றுத்தான் வீட்டு வாடகை கட்டினேன். உன் முதல் கடிதம் வந்த அன்று மாவைப் பையில் போட்டுக்கொண்டு விமான் நகரில் ஒரு பெரிய கிளினிக்குக்குப் போனேன். மயக்க மருந்து கொடுத்துக் கீறிச் சீழை எடுக்க வேண்டும், இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கி வந்துவிட்டேன். வெளியே மழை. பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டு வீடுவரை நடந்தேன். பழைய கிளினிக்கைத் தேடி நான் போகவே இல்லை. நீ வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் இதைப் போய் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன் ப்ரீத்தி. புண் உடைந்தபோது பழைய வேட்டியைக் கிழித்து ஒற்றி எடுத்தேன். அது என் கையைக் கடித்தது. பிறகு கடித்த இடத்தையே நக்கியது.

அகல்யா அக்கா வந்து கதவைத் தட்டினார். "பையை எடு, சல், போகலாம்" என்றார். ரிக்ஷா பிடித்துப் போனோம். அங்கே டாக்டர் ஒரு மராத்திப் பெண். சின்ன வயது. மாவின் ஈறைத் திறந்து பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். "இத்தனை நாள் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை?" என்று ஹிந்தியில் கேட்டார். பணமில்லை என்றேன். அவர் திட்டவில்லை. "பணத்தை இங்கே யார் கேட்டார்கள்? வாசலில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். கீறி, கழுவி, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் கொஞ்சம் தலையைத் தூக்கியது. அதற்கு அடுத்த நாள் காலையில் என் மடியிலேயே அடங்கிவிட்டது. கடைசியில் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. உன்னைத்தான் தேடியது.

வாட்ச்மேன் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் குழி தோண்டிக் கொடுத்தார்.

இனி உன்னிடம் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. லீவுக்கு வந்துவிடு ப்ரீத்தி.

நிர்மல்


கணபதி, கோயம்புத்தூர்
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நிர்மல்,

கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பிரித்தது என் தப்பு. அடுத்த பீரியடுக்குப் போக முடியவில்லை. பக்கத்து டீச்சர் போனார். தங்கம்போலப் பார்த்துக்கொண்ட பூனை. இரண்டு நாளாக அம்மா சோறு போடும்போதெல்லாம் தட்டோரத்தில் ஒரு கவளம் ஒதுக்கி வைக்கிறேன். இந்த வீட்டில் பூனையே கிடையாது.

நீங்கள் கல்நெஞ்சுக்காரர் இல்லை. சீழைக் கையால் துடைக்க எனக்கு வராது, நீங்கள் துடைத்தீர்கள். வேலை போனதற்கும் நான் கோபப்படவில்லை. நிறையப் பேருக்குப் போகிறது. பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அப்போதே வந்திருப்பேன். பூனைக்கு வைத்தியம் பார்க்கக் கையில் காசில்லை என்று ஜூலையில் எழுதியிருந்தாலும் வந்திருப்பேன். நாம் வீடு வாங்கக் கட்டிய அட்வான்ஸ் பணம் போன விஷயத்தை, நான் அங்கே இருந்தபோதே பாங்க்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வேலை போனதை எதிர்வீட்டு அக்கா சொன்னதை வைத்துத் தெரிந்துகொண்டேன். கூட இருக்கும்போதும் சரி, தள்ளி இருக்கும்போதும் சரி, உங்களைப் பற்றி எனக்கு வேறு யாராவதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லீவுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். உங்களிடம் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று இருந்தேன். நேற்று ரத்து செய்துவிட்டேன். வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் மார்ச்சிலிருந்து என் அலமாரியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் உங்களுக்கு வரும். நிதானமாகப் படித்துவிட்டு நீங்களும் போடுங்கள். என் புடவைகளை அகல்யா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் ஆள் வசம் அனுப்புவார். உங்கள் அம்மாவுக்கு வேலை விஷயத்தை நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். பட்டினி கிடக்காதீர்கள்.

மாவு கடைசியில் கதவைப் பார்த்தது, என்னைத்தான் தேடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உண்மையாகவே தேடியதா, நான் வர வேண்டும் என்பதற்காக எழுதினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. தேடியிருக்கும் என்று நம்பத்தான் ஆசையாக இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் முடியவில்லை.

ப்ரீத்தி