உப்பு கேட்ட புழு

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நான் தின்ற வாழைப்பழத்தின் தோல் இன்று காலை பதினொரு மணிக்கு, பன்னிரண்டு பேர் முன்னிலையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. பன்னிரண்டு பேருக்கும் ஐந்து வயது. உன் விடுதியில் ஃபோனைப் பூட்டி வைத்துவிட்டார்களாமே, அதனால்தான் தபாலில் அறிவிப்பு.

பள்ளி மணியைப் பத்து நிமிடம் முன்னால் அடித்தது ஒரு குற்றமா? அதற்கு ஒரு மாதம் மழலையர் வகுப்பில் எடுபிடி வேலை. அங்கே டீச்சர் ஒரு மரப்பெட்டியில் மண்புழு வளர்க்கிறார். பழத்தோல், காய்த்தோல் போட்டால் புழு தின்று உரமாக்கும். அது வாசலில் இருக்கும் தக்காளிச் செடிக்கு. வெங்காயத்தோல் மட்டும் கூடாது, புழுவுக்கு ஆகாதாம். வாண்டுகள் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும். ஊரெல்லாம் வேலைக்குப் போய்க் குப்பை கொட்டுகிறது. நிஜமாகவே கொட்டுபவன் நான் ஒருவன்தான்.

போரடித்தது. புழு எழுதியதாகத் தினம் ஒரு கடிதத்தைப் பெட்டியில் ஒட்டி, கீச்சுக்குரலில் படித்துக் காட்டுகிறேன். வாண்டுகள் அத்தனையும் நம்புகின்றன. இப்போது அந்த வகுப்புக்கு நான்தான் ராஜா. இன்றைய கடிதம்: 'சாப்பாடு சப்பென்று இருக்கிறது. கொஞ்சம் உப்பு கிடைக்குமா?'

இப்படிக்கு,
புழுவின் அந்தரங்கச் செயலாளர்


ஜூலை 6

வாலுத் தம்பிக்கு,

அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்து வயதில் நீ ஆரஞ்சு விதையை முழுங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? வயிற்றில் செடி முளைக்கும், அதற்கு வெயில் வேண்டும் என்று சும்மா சொன்னேன். நீ மத்தியானம் முழுக்க மொட்டைமாடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாய். காய்ச்சல் வந்தது. காரணத்தை அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

முதல் வேலையாக அந்த உப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


ஜூலை 10

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் உப்பு வந்துவிட்டது. மறுநாளே பன்னிரண்டு பேரும் சட்டைப்பையில் ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ராஜா அன்றைக்குத் தாமதமாகப் போனார். பெட்டியில் ஒன்றுகூட நெளியவில்லை.

டீச்சர் யாரையும் திட்டவில்லை. முன்பல் விழுந்த ஒரு பொக்கைவாய்தான் என் சட்டையை இழுத்தாள். "நாங்க நெறைய போட்டுட்டோமாண்ணா?"

'புழு வெளியூர் போயிருக்கிறது' என்று ஒரு கடிதத்தை அவசரமாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுக்க முடியவில்லை.

"கடிதமெல்லாம் நான் எழுதினது. புழு உப்பே கேக்கல. உங்க மேல தப்பில்ல."

பொக்கைவாய் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப உப்பு வேணுமான்னு புழுவ யாருமே கேக்கலையா?"

டீச்சர் புதுப் புழுக்கள் கொண்டுவந்திருக்கிறார். இப்போது தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் போகுமுன் நான் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். பொக்கைவாய் முகர்ந்து பார்த்துத்தான் விடுகிறாள்.

ராஜா என்று எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடு. அன்று அவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். கண்ணில் வெங்காயத்தோல் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. அந்தப் பெட்டியில் வெங்காயத்தோல் கிடையாது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

உன் தம்பி