தேடப்படுவோர் பலகையில் உன் முகம்

என் பிரியமான குமாரண்ணே,

உன்னைத் தீவிரவாதி ஆக்கியது நான்தான். வீட்டுக்குள் சொல்லி அழுதுவிட்டு இதை முடித்துக்கொள்ளலாம் என்று அண்ணி சொன்னார். எனக்கு அது போதவில்லை. உன்மேல் பழி விழுந்தது ஊருக்கு முன்னால். நான் ஒப்புக்கொள்வது மட்டும் எதற்குச் சமையலறையில்?

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் எடுத்த ஒரு மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர். குண்டு வைக்க வரும் கும்பலைச் சிறப்புப் படை தேடிப் பிடிக்கும் கதை. அதில் வரும் போலி அடையாள அட்டை, போலி நாளிதழ், போலி அறிவிப்பு எல்லாம் செய்து கொடுப்பது என் வேலை. ஐந்தாம் எபிசோடில் அந்தப் படையின் அலுவலகச் சுவரில் தேடப்படுவோர் பலகை ஒன்று வரும். படப்பிடிப்பு அன்று காலை அதற்கு ஒரு முகம் குறைந்தது.

"ரேவதி, இன்னொரு மூஞ்சி வேணும். சீக்கிரம் லா, கேமரா ரெடி," என்றார் கலை இயக்குநர். "பாத்தாலே பயம் வரணும். நல்லா கறுப்பா, தாடியோட."

கறுப்பென்றால் ஏன் பயம் வர வேண்டும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் கேட்கிறவள்தானே நான்? அன்று கேட்கவில்லை. கைப்பேசியைத் திறந்து உன் படத்தை எடுத்தேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்குக் கீழே நான் எடுத்த படம். காவடிக்கு விரதமிருந்து நாற்பத்தெட்டு நாள் வளர்த்த தாடி. வெயிலுக்குச் சுருங்கிய கண். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மஞ்சள் துண்டு. துண்டை வெட்டினேன். திருநீற்றைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். முருகனுக்கு நேர்ந்துகொண்ட ஒருவன், என் காப்பி ஆறுவதற்குள் குற்றவாளி ஆகிவிட்டான். கலை இயக்குநர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணே. அதையும் மறைக்கவில்லை.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பாய். அதனால்தான் கேட்காதது இன்னும் கேவலம்.

எபிசோட் வருவதற்கு முன்பு முன்னோட்டம் வந்தது. யாரோ அந்தப் பலகையை நிறுத்தி, உன் முகத்தை மட்டும் வெட்டி, "ஆயர் ஈத்தாம் மக்களே ஜாக்கிரதை" என்று நம் பகுதியின் பேரைப் போட்டு எழுதி அனுப்பினார்கள். நான் செய்த அறிவிப்பு அவ்வளவு அசலாக இருந்தது. ஒரே நாளில் நீ ஓட்டிய பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. குழுவில் வந்ததைப் படி என்று அண்ணி கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நம்ம வேன் குமார் மாதிரி இல்ல?"

"தாடிய எடுத்துட்டுப் பாருங்க. அவனேதான்."

"எனக்கு மொதல்லேர்ந்தே டவுட்டு லா. ரொம்ப அமைதியா இருப்பான்."

மலாய்க்காரரோ சீனரோ எழுதவில்லை இதை. உன் காவடிக்குப் பின்னால் "வேல் வேல்" என்று கத்திக்கொண்டு படியேறிய நம் ஆட்கள் எழுதினார்கள். அதே தாடியைத் தைப்பூசத்தில் பார்த்துக் கைகூப்பியவர்கள் அவர்கள். மறுநாள் காலை ஒரு அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நானே கொண்டுபோய் விட்டுக்கறேன் அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாராம். அந்த வாரத்திலேயே வேன் காலியானது.

ஒரே ஒரு வரி போதும். "இது நாடகத்துக்கு நான் செய்த படம்." அதை அந்தக் குழுவில் நான் எழுதவில்லை. எபிசோட் ஒளிபரப்பாகும் வரை கதையைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். தயாரிப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பேசட்டும் விடு மா. இதவிட பப்ளிசிட்டி எங்க கெடைக்கும்?" என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் நீயே போலீஸ் நிலையத்துக்குப் போனாய். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு. திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு, ஒன்னும் இல்ல அண்ணே, போலாம்னான். அப்ப இல்லன்னு ஒரு லெட்டர் குடுன்னேன். இல்லாததுக்கு எப்படி லெட்டர் குடுக்கறதுன்னு சிரிக்கிறான்."

நீயும் சிரித்தாய். அண்ணி சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேனே, அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம் இல்லையா?

எபிசோட் வந்த பிறகுதான் சொன்னேன், உன் வேனில் முன்னால் உட்கார்ந்து. நீ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு, "என் மூஞ்சி அவ்ளோ பொருத்தமாவா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாய். குழுவில் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை. வேறு வேன் பார்த்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து நீ போனாய். இதயக் குழாயில் பழைய அடைப்பு என்றார் மருத்துவர். நீ சிகரெட்டை விடாதவன், எனக்குத் தெரியும். நாடகம் உன்னைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். உன் கடைசி மூன்று மாதத்தைக் கெடுத்தது என்று எழுதுவேன். அது உண்மை.

உன் துக்கத்துக்கு வந்த கீழ்வீட்டு காசிம் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். "ஒங்க அண்ணனுக்கு விபூதிய அழிச்சதும் தீவிரவாதி ஆயிட்டாரு. எனக்கும் இதே தாடிதான். அழிக்கிறதுக்கு என்கிட்ட என்ன மா இருக்கு?" திருநீற்றை அழித்தால் மிஞ்சுகிற முகம் யாருடையது என்று நான் நினைத்திருந்தேன்? அவருடையது என்றுதானே?

இப்போதைய சேதி சொல்கிறேன். அண்ணி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறார். உன் மகள் கவிக்குப் பன்னிரண்டு வயது. உன் அந்தத் தைப்பூசப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம், அதைவிட நல்ல படம் இல்லை. போன மாதம் பள்ளியில் ஒருத்தி அவளிடம் அந்தப் பலகையைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். கவி வீட்டுக்கு வந்து மாலைக்குள் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, ரெண்டும் ஒரே படம்தானே? அப்பா திருநீற யாரு அழிச்சா?"

"நான்தான்," என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் கழித்துத்தான் என் பக்கம் வந்தாள்.

தொடரின் இரண்டாம் பாகம் வருகிறது. முன்கதைச் சுருக்கத்தில் அந்தப் பலகையையும் சேர்த்திருக்கிறார்கள். உன் முகத்தை எடுத்துவிடுங்கள், பழைய எபிசோடிலும் மறையுங்கள் என்று எழுதினேன். படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டபோது தயாரிப்பாளர், "செத்தவரு கேஸ் போடப் போறாரா?" என்றார். வேலையை விட்டுவிட்டேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டிய காலத்தில் செய்யாததை இப்போது செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இது என் வாக்கு, அண்ணே. உன் முகம் அந்தச் சுவரிலிருந்து இறங்கும் வரை வாரத்துக்கு ஒரு நாள் அவர்கள் அலுவலக வாசலில் நிற்பேன், திருநீறு இருக்கிற படத்தோடு. கவி தானும் வருகிறேன் என்கிறாள்.

அவர்களிடம் கேட்பது அது. உன்னிடம் கேட்பது வேறு. வேனில் அன்று நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எனக்கு நோகும் என்றுதானே விழுங்கினாய்? விழுங்காதே. என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேள்: "ஒன்பது நாளா ஏன்டி சொல்லல?"

கேள், அண்ணே.

உன் கூடப் பிறந்தவள்,
ரேவதி